கெட்டது சுவிட்ச்தான், விஜயா

விஜயா,

நீ வேலை முடிந்து வருவதற்குள் நான் ஐரோலிக்கு ஆள் ஏற்றக் கிளம்பிவிடுவேன். சோறு வடித்து வைத்திருக்கிறேன். குழம்பைச் சூடாக்கிக்கொள்.

வேன் ஏசி சரியாகிவிட்டது. மெக்கானிக் ஜெயகணேஷ் பார்த்தான். கேஸ் குறையவில்லை. பிரஷர் சுவிட்ச் வயரைக் கழற்றி, இரண்டு முனையையும் சேர்த்ததும் கம்ப்ரசர் ஓடியது. கெட்டது அந்தச் சுவிட்ச்தான். புதிது மாட்டியதும் நன்றாகக் குளிர்கிறது.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்காரி தண்ணி ஊத்திக் கழுவுனா. அதுல போயிருக்குமோ?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாச்சி. சுவிட்சுக்குள்ள எண்ண கசிஞ்சிருக்கு. வயர் சாக்கெட்டு காஞ்சுதான் கெடக்கு" என்றான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு இடுப்பு வலி என்றுதான் நீ வேனைக் கழுவினாய். நானோ ஏசி நின்றுபோனதும் தெருவே பார்க்க, "அறிவிருக்காட்டி ஒனக்கு?" என்று கத்தினேன். நீ ஈரக் கையோடு உள்ளே போனாய். மூன்று நாளாக அதுதான் கண்ணில் நிற்கிறது. தப்பு என்னுடையது.

சுடலை

பி.கு.: எழுதி வைத்துவிட்டு ஓடுவதும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு என் பேச்சை நம்பி எதிர்வீட்டுச் சீனியம்மாள் அக்காவும் உன்னைத்தானே குறை சொன்னாள்? இப்போது அவளிடம் போய், "வேன் ஏசி கெட்டது விஜயாவால இல்லக்கா. நாந்தான் வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்" என்றேன்.

"இத எங்கிட்ட எதுக்குடே சொல்லுத? அவகிட்டச் சொல்லு" என்றாள்.

ஏழு மணிக்கு வந்துவிடுவேன். உன் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.