பாம்புக்கு வெளியே ஒரு பெயர்

மீன் வாசமும் பழைய புத்தக வாசமும் ஒன்றாய் வீசும் என் மனோ அக்காவுக்கு,

உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகம், எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று சொல்லுவது, அதன் கடைசிப் பக்கங்களை எனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டேன். தேவாரம், உன் வாழ்க்கை வரலாறு, யாரோ எழுதிக் கொடுத்த வெண்பா எல்லாம் முன்னால் இருக்கின்றன. இந்தப் புத்தகத்தை மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருக்கிற சனம் முழுக்கப் புரட்டும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். "நீங்கள்" என்று மரியாதையாக எழுதும்படி பெரியண்ணை ரொறன்ரோவிலிருந்து சொன்னார். உன்னை நான் எப்போது நீங்கள் என்று கூப்பிட்டேன்? கூப்பிட்டிருந்தால் காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்திருப்பாய்.

முதலில் புதினங்கள், நீ இல்லாத இந்த மாதத்துச் செய்திகள். உங்கள் வீடு இருக்கிற இல்-பிசாரிலிருந்து லாவலுக்குப் போகும் படகு மாரி முடிந்து ஓடத் தொடங்கிவிட்டது. உன் ஆர்னே போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி அக்கரைக்குப் போய், இறங்காமலே திரும்பி வந்தாராம். நீ அந்தப் படகில் ஏறினால் முன்னால் போய் அந்தக் காலத்து வைக்கிங் கடற்கொள்ளைக்காரர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று, இன்றைக்கு எந்த ஊரைக் கொள்ளையடிப்போம் என்று கேட்பாய். அக்கரையில் இருப்பது ஒரு ஐஸ்கிரீம் கடை மட்டும்தான். அதையும் நீதான் ஒவ்வொரு முறையும் கொள்ளையடித்தாய்.

அம்மா என்னோடுதான், புவாண்ட்-கிளேரில். கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. உன் பெயரைச் சொல்லாமல் "அவள்" என்றுதான் கதைக்கிறா. அவள் இருந்தால் இந்தக் குழம்புக்குப் புளி காணாது என்றிருப்பாள், அவள் இருந்தால் இந்தப் பிள்ளைக்கு இரண்டு அடி போட்டிருப்பாள். நான் இன்னும் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறேன். முதுகு நோவு அப்படியேதான்.

நீ என்ன படித்தாய் என்று ஆட்கள் கேட்டால், பிள்ளை கல்லுப் படித்தவள் என்று அம்மா சொல்லுவா. கேட்டவர்கள் என்ஜினியர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நீயும் திருத்தமாட்டாய். இங்கே வந்திருக்கிறவர்கள் இன்றைக்காவது தெரிந்துகொள்ளட்டும்.

நீ ஒரு வருடப் படிப்புக்கென்று நோர்வேக்குப் போனாய். நாட்டு நிலைமையில் திரும்பி வர வழியில்லாமல் போனது. வடக்கு முனையில், மாரியில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊரில், மீன் வெட்டும் ஆலையில் வேலை. பக்கத்து மேசையில் மீன் வெட்டியவர் ஆர்னே. ஒரு கோடை விடுமுறைக்கு நீங்கள் இரண்டு பேரும் சுவீடனுக்குப் போன இடத்தில், ஒரு பாலத்தடியில் எழுத்து வெட்டிய ஆள் உயரக் கல்லொன்றைப் பார்த்தீர்கள். ஆர்னே தெரிந்ததை வாசித்துக் காட்ட, நீ மழைக்குள் நின்று அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தாயாம். அந்த வருடமே பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிந்தாய்.

ஆயிரம் வருடத்துக்கு முன்னம் அந்தச் சனம் செத்தவர்களுக்காக நிறுத்திய கற்கள் அவை. ரூன் என்று அந்த எழுத்துக்குப் பெயர். பதினாறே எழுத்து, வன்மையான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் ஒன்றையே வைத்துச் சமாளித்தார்கள், பல்லுக்கும் தம்பிக்கும் ஒரே பகரம் வைத்திருக்கிற எங்களைப் போல. அதைக் கண்டபோது வீட்டுக்கு வந்தமாதிரி இருந்தது என்று எழுதியிருந்தாய். வளைந்து வளைந்து போகும் ஒரு பாம்பைக் கீறி, அதன் உடம்புக்குள்ளே வசனத்தை வெட்டுவார்கள். இன்னாரும் இன்னாரும் இந்தக் கல்லை எழுப்பினார்கள், தங்கள் தகப்பன் இன்னாருக்காக. சில கற்களில் கடைசியாக, வெட்டியவனின் பெயர். தூர தேசம் போய் அங்கேயே செத்த பிள்ளைகளுக்கும் ஊரில் கல் நிறுத்தியிருக்கிறார்கள். உடம்பு வந்து சேராத கற்கள். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் கம்மிவிடும்.

அக்கா, இனித்தான் நான் சொல்ல வந்தது.

அப்பா இங்கே மொன்றியலில் செத்தபோது நான் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கல்வெட்டை நானே செய்தேன். ஏழாம் பக்கத்தில் பிள்ளைகள் விபரம். பெரியண்ணை, நீ, சின்னக்கா, நான் என்று நாலு பெயரையும் அடித்து முடித்திருந்தேன். பெரியண்ணை தொலைபேசியில், அவளின் பெயரைப் போட்டால் பக்கத்தில் யாரைப் போடுவது, தாலி கட்டாத வெள்ளைக்காரனையோ, வெற்றிடமாக விட்டால் சனம் கேட்காதோ என்றார். பெரியண்ணையில் பிழை சொல்ல நான் வரவில்லை. அவர் சொன்னார், அழித்தது என் விரல். "அன்னாரின் பாசமிகு பிள்ளைகள் மூவர்" என்று திருத்தினேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அச்சான புத்தகத்தை உனக்கும் தபாலில் அனுப்பினேன். அனுப்பாமல் விட்டிருக்கலாம். எந்த முகத்தோடு அனுப்பினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து நீ தொலைபேசியில் வந்தாய். ஏசப்போகிறாய் என்று நினைத்தேன். நீ ஆறுதலாகத்தான் கதைத்தாய்.

"அட்டை நல்ல வடிவாய் வந்திருக்கு, தம்பி. அப்பாவின்ரை அந்தப் படம் நான் எடுத்தது. உனக்கு ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இருந்தது. உன் பெயரை உள்ளே அழித்துவிட்டு, நீ எடுத்த படத்தை வெளியே போட்டிருக்கிறேன். "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். நீ குளிர் எப்படி என்று கேட்டாய். ஏழாம் பக்கத்தைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பேந்தும் கேட்கவில்லை.

பிறகு நீ இங்கேயே படிப்பிக்க வந்தாய். ஆர்னேயும் வந்தார். பஸ் ஒழுங்காக வராத இல்-பிசாரில் வீடு எடுத்தீர்கள். அங்கே பனியைப் பார்த்து ஆர்னே, இதையா பனி என்கிறீர்கள் என்று சிரித்தார். வாரத்துக்கு ஒருதரமாவது நான் வந்து உன் கையால் தேத்தண்ணி குடித்தேன். ஒவ்வொரு முறையும் காரில் வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். வாசலில் உன் முகத்தைக் கண்டதும் குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவேன். நீயும் தட்டில் எதையாவது போட்டு என் வாயை மூடிவிடுவாய். இத்தனை வருடமாக ஒரு மன்னிப்பை விழுங்கினவன் நான், பலகாரத்தோடு சேர்த்து.

ஒருநாள் எங்கள் பக்கத்து நூலகத்தில் உன் பேச்சு. எனக்கு இங்கிலீஷ் பேச்சில் பாதி பிடிபடாது. ஆனாலும் முன்வரிசையில் இருந்தேன், அக்காவின் பேச்சல்லவா. திரையில் ஒரு கல்லைக் காட்டினாய். பாம்பின் உடம்பு முழுக்க எழுத்து, வாலில் முடிந்துவிட்டது. அதற்கு வெளியே, கல்லின் ஓரத்தில், இடுக்கிப் பிடித்து ஒரு பெயர். வெட்டியவன் ஒரு பிள்ளையின் பெயரை மறந்திருக்கலாம், அல்லது யாரோ வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், கல் அதைச் சொல்லாது என்றாய். பேச்சு முடிந்து கோட்டைப் போட்டுக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னாய்.

"எல்லாக் கல்லு வெட்டினவங்களிலையும் எனக்கு இவனைத்தான் பிடிக்கும். திரும்பி வந்து வெட்டினவன்."

நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே கட்டியிருந்த நாடா.

நீ வருத்தத்தில் படுத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஆசுப்பத்திரியில் உன் கட்டிலருகே எப்போதும் யாராவது இருந்தார்கள். யாரும் இல்லாத நாளில் நீ நித்திரை. எழுப்பியிருக்கலாமா? எழுப்பினால் என்ன சொல்லியிருப்பாய்?

இந்தப் புத்தகத்துக்கு விபரம் சேர்க்கத் தொடங்கியபோது அதே கேள்வி திரும்பி வந்தது. ஆர்னேயின் பெயரைப் போடுவதா, விடுவதா? பெரியண்ணை இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவைக் கேள் என்றார். பயந்து பயந்து கேட்டேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னா.

"போடு. கடைசியா அவளுக்குத் தண்ணி பருக்கினவர் அவர்தானே. அப்ப ஆர் தாலியைப் பாத்தது?"

இத்தனை வருடமும் அம்மா சம்மதிக்கமாட்டா என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அப்பாவின் புத்தகத்துக்கும் அவவைக் கேட்டிருந்தால்? கேட்கவில்லை. ஆர்னேயின் பெயர் இப்போது மூன்றாம் பக்கத்தில், உன் பெயருக்குப் பக்கத்தில், தடித்த எழுத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று அவரிடம் காட்டினேன். ஒரு கடதாசியில் திரும்பத் திரும்ப எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார். "னே"யின் கொம்பு மட்டும் ஆட்டுக் கொம்பு மாதிரி வருகிறது.

உன் கடைசி வருடங்களின் பைத்தியம் திரைக் கவிதை. கல்லிலிருந்து கணினிக்குத் தாவிவிட்டாய். நோர்வேயில் இளம் ஆட்கள் இப்போது கவிதையைத் தாளில் எழுதுவதில்லை, வாசிக்கிறவன் தொட்டால் மாறுகிறமாதிரித் திரையில் செய்கிறார்கள் என்று வகுப்பில் படிப்பித்தாய். என் மகள் அபிரா அந்த வேலை தெரிந்தவள் என்பதால் அவளையும் இழுத்துக்கொண்டாய். அவள் பிரெஞ்சில் கேட்பாள், நீ தமிழில் ஏசுவாய், ஆர்னே நோர்வே மொழியில் சிரிப்பார். கல்லில் வெட்டினதென்றால் நிற்குமே, இது மின்சாரம் போனால் போய்விடுமே என்று நான் கேட்டேன். கல்லும் பாசி பிடித்தால் போய்விடும், இரண்டுக்கும் யாராவது துடைத்துக்கொண்டே இருக்க வேணும் என்றாய். நீ செய்ததை நான் திறந்து பார்க்கவே இல்லை. மாமியும் மருமகளும் விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீ போய் மூன்றாவது கிழமை, அபிரா தன் கணினியோடு என் பக்கத்தில் வந்து இருந்தாள். திரையில் ஒரு சாம்பல் நிறக் கல். தொட்டதும் ஒரு பாம்பு மெல்ல மெல்லக் கோடாக ஓடி வளைந்தது. யார் எழுப்புகிறீர்கள், யாருக்காக, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டது. பதிலை எழுதினால் எழுத்துகள் பாம்புக்குள் போய் ஒழுங்காய் இருந்துகொள்ளும். எங்கெங்கோ உள்ள சனம் தங்கள் ஆட்களுக்கு அதில் கல் எழுப்பி வைத்திருக்கிறது. அபிரா முதலாவது கல்லைத் திறந்தாள். "அப்பா, மாமி செய்தது. உங்கட பேர் இருக்கு" என்றாள்.

பாம்புக்குள்ளே இருந்த வசனம் இது. "மூத்தவனும் சின்னவளும் சபேசனும் இந்தக் கல்லை எழுப்பினார்கள், தங்கள் தகப்பனுக்காக. நாலு பிள்ளைகளையும் ஒரே சைக்கிளில் ஏற்றியவர்." மூன்று பெயர். பாம்பு முடிந்துவிட்டது. அதற்கு வெளியே, கல்லின் ஓரத்தில், சின்ன எழுத்தில் "மனோவும்". அதற்குக் கீழே, "திரும்பி வந்து வெட்டியவன் சபேசன்".

அக்கா, நான் வாய்விட்டு அழுதேன். அபிரா பயந்து அம்மாவைக் கூட்டிவந்தாள். நான் செய்யாததை நான் செய்ததாக நீயே வெட்டி வைத்திருக்கிறாய். எப்படியும் ஒருநாள் வருவேன் என்று நினைத்தாயா? வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாயா? எதுவென்றாலும் எனக்கு வெட்கமாய் இருக்கிறது, அதைவிடச் சந்தோஷமாயும் இருக்கிறது. என்ன மனுசி நீ.

வாசிக்கிற சொந்தங்களே, இந்தப் புத்தகத்துக்குள் ஒரு சின்னத் துண்டுக் கடதாசி இருக்கும். கீழே விழுந்திருந்தால் எடுத்து வையுங்கள். அது எங்கள் அப்பாவின் கல்வெட்டுக்கான திருத்தம். அதில் ஒரே வரிதான், "பிள்ளைகள் நால்வர், மூத்த மகள் மனோன்மணி." அப்பாவின் புத்தகம் உங்கள் சாமித்தட்டிலோ அலுமாரியிலோ இருந்தால், ஏழாம் பக்கத்து ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். புதிதாக முழுப் புத்தகத்தையும் அச்சடிக்கலாம் என்று அபிரா சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். பிழை விட்டது தெரியவேணும், திரும்பி வந்ததும் தெரியவேணும்.

இந்தப் பக்கங்களைப் பெரியண்ணைக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. மண்டபத்தில் எல்லாரோடும் சேர்ந்து வாசிக்கட்டும். கோபிப்பார். கோபிக்கட்டும். ஆனால் அவர் மூக்கைச் சிந்துவதை நீ மேலிருந்து பார்ப்பாய் என்றும் எனக்குத் தெரியும்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வீட்டில் இருக்கமாட்டேன். அப்பாவின் புத்தகம் யார் யாருக்குக் கொடுத்தோம் என்று அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பசையும் துண்டும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். முதல் வீடு ரொறன்ரோவில், பெரியண்ணையின் வீடு. கடைசி வீடு இல்-பிசாரில் உன் வீடு. நான் நோர்வேக்கு அனுப்பிய பிரதி உன் மேசை லாச்சிக்குள் இருக்கிறதாம், ஏழாம் பக்கம் மடித்தபடி. ஆர்னே சொன்னார்.

அம்மாவும் பெரியண்ணையும் சின்னக்காவும் ஆர்னேயும் இந்தக் கல்லை எழுப்பினார்கள், மனோவுக்காக. எவரையும் வெளியே விடாதவள்.

பிந்தி வந்து வெட்டியவன்,
உன் தம்பி சபேசன்