தினம் ஒரு தப்பு

செப்டம்பர் 8, திங்கள்

கல்லூரியில் நான் எடுக்கும் முதலாமாண்டு கணக்கில், முதல் தேர்விலேயே பாதி வகுப்பு ஃபெயில். ஏன் என்று இன்று தெரிந்தது. வேண்டுமென்றே போர்டில் 7 × 8 = 54 என்று எழுதினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதுவாயலிலிருந்து வரும் தீனா அதற்குக் கலர் பேனாவில் கட்டம் வேறு கட்டியிருக்கிறான். படிப்பதாக நினைத்து நகலெடுக்கிறார்கள், பாவிகள்.

செப்டம்பர் 10

அறிவித்துவிட்டேன். இனி தினமும் போர்டில் ஒரு தப்பு ஒளிந்திருக்கும். கண்டுபிடித்து, ஏன் தப்பு என்று நிரூபிப்பவர் என்னைத் திட்டலாம்.

"அப்ப பரீட்சைல நாங்க தப்பு போட்டா மட்டும் இன்னாத்துக்கு மேம் மார்க்க கொறைக்கிறீங்க?" என்றான் தீனா.



செப்டம்பர் 19

ஒரே சந்தைக்கடை. சரியானதையும் தப்பு என்கிறார்கள்; நிரூபிக்கப் போய் முழுக் கணக்கையும் அவர்களே போட்டு முடித்துவிடுகிறார்கள்!

செண்பகம் மட்டும் பேசுவதே இல்லை. திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வருகிற பெண். அடுத்த தேர்விலும் ஃபெயிலானால் படித்தது போதும், கம்பெனி வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

செப்டம்பர் 22

துறைத்தலைவர் அருணகிரி சார் கூப்பிட்டார். "ஏம்மா ஜாஹிதா, பசங்களுக்கு வேணும்னே தப்பா சொல்லித் தர்றியாமே? நாளைக்கு நானே வந்து ஒக்கார்றேன்."

வேலையில் சேர்ந்தே மூன்று மாதம். போச்சா?

செப்டம்பர் 23

இன்று ஒரு தப்பும் வைக்கவில்லை. சத்தியமாக. கடைசி பெஞ்சில் சார். கணக்கை முடித்துத் திரும்பினால் — செண்பகம் எழுந்து நிற்கிறாள்.

"மேம், மூணாவது வரில மைனஸ் காணோம்."

காணோம்தான்! பயத்தில் விட்டிருக்கிறேன். அவளே வந்து சாக்பீஸை வாங்கி மீதியைப் போட்டாள்.

"சார், இன்னிக்கி மேம் செமையா ஒளிச்சி வெச்சிட்டாங்க!" என்று தீனா கத்தினான். ஆமாம் என்பதுபோல் சிரித்து வைத்தேன்.

சார் சிரிக்கவில்லை. தன் நோட்டில் எதையோ அவசரமாக அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். அவரும் மைனஸ் இல்லாமல்தான் எழுதியிருக்கிறார்!

செப்டம்பர் 24

சார் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்?

அக்டோபர் 9

இரண்டாம் தேர்வு விடைத்தாள் கொடுத்தேன். ஐம்பது எடுத்தால் பாஸ்; செண்பகம் 51. நிம்மதியாக இருந்தேன். மதியம் தாளோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றாள்.

"மேம், கூட்டல்ல மூணு மார்க் சாஸ்தி போட்டுட்டீங்க."

கூட்டிப் பார்த்தேன். ஐயோ, 48. அடிப்பாவி, இத வந்து சொல்லியே ஆகணுமா?  அவள் நகரவில்லை.

"நாலாவது கணக்கு கரெக்டு மேம். வேற வழில போட்டுகீறேன். நீங்க தப்புன்னு அடிச்சிட்டீங்க."

என் பேனாவையே வாங்கி வரிவரியாக நிரூபித்தாள். ஏழு மார்க். 55 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"உங்க மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாக்கணும்ல மேம்" என்றாள்.