டம்ளரில் கிடந்த செம்பு வாஷர்

என் செல்லப் பேத்திக்கு,

உன் அப்பாவைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். முட்டி வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, புதிதாக எங்கும் குடிபோகவில்லை. நீயும் உன் அப்பாவும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதமும் படங்களும் செவ்வாய்க்கிழமை வந்தன. படங்களை முதலில் எதிர்வீட்டு சைரன் அக்காவுக்குத்தான் காட்டினேன். அவள் குரலுக்கு உன் தாத்தா வைத்த பெயர், இன்னமும் அதற்குப் பொருத்தமாகத்தான் பேசுகிறாள். "பொம்பளப் புள்ள எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கே, திரும்ப மாட்டத் தெரியுமாடி அதுக்கு?" என்றாள். "என் பேத்தி பதினாலு மாடி லிஃப்டைப் பிரிச்சு மாட்டுறவ. உன்னையே பிரிச்சு மாட்டுவா, குரலை மட்டும் கொஞ்சம் குறைச்சு" என்றேன்.  

தாத்தாவின் மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருந்த நெளிவை எடுத்துவிட்டாய், பார்த்தேன். அந்த நெளிவு உன் அப்பா நாலு வயதில் அம்மிக் குழவியைத் தூக்கிப் போட்டது. எடுத்தது நல்லதுதான், ஆனாலும் படத்தில் அந்த இடத்தை இரண்டு தடவை தேடினேன். சீட்டுக்குள் எலி கூடு வைத்திருந்ததாக எழுதியிருக்கிறாய். இருக்கும். இருபத்தொன்பது வருஷம் பின்கட்டில் நின்ற வண்டி. நீ வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் வரை அதன்மேல் கோணிதான் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் உன் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறந்து மூன்று நாள். நான் ஒருபக்கமாக உட்கார்ந்து மடியில் அவனை வைத்துக்கொண்டேன். உன் தாத்தா நடக்கிறவர்களுக்குக்கூட வழிவிட்டு ஓட்டினார். சைக்கிள்காரர்கள் மணி அடித்து எங்களைத் தாண்டிப் போனார்கள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் அப்பா நீ வண்டியைப் பிரித்து வைத்திருக்கிற ஷெட்டுக்கு வந்து டாங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை நான்தான் கொன்னேன். நீ எதுக்கு உயிர் குடுக்கறே" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், அன்றிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். "என்ன நடந்துச்சு பாட்டி? அப்பாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல ஆச்சு, இப்படி முகம் செத்துப் போய் நான் பாத்ததே இல்ல. நான் நிறுத்திடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

நிறுத்தாதே கண்ணு. அந்த வண்டியை அவன் கொல்லவில்லை. நான்தான்.

இதைப் போனில் சொல்லலாம்தான். என் காது மந்தமில்லை, போன்தான் மெதுவாகப் பேசுகிறது. ஆனால் நான் பேச ஆரம்பித்தால் உன் அப்பா அங்கே உன் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான், "அம்மா மாத்திரை போட்டாச்சா" என்று கேட்கிறான். அப்படிக் கேட்கிறவனிடம் எப்படிச் சொல்வது.

உனக்குத் தெரியும், எஞ்சின் ஆயில் மாற்றும்போது அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்ற வேண்டும். உன் தாத்தாவின் கை பம்ப் ஹவுஸில் வால்வு திருகித் திருகிப் பருத்த கை. சைலன்சர் குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவில் போகாது. என் கை போகும். அதனால் அந்தப் போல்ட் என்னுடைய வேலை. ஐந்தாவது படித்தவள், ஸ்பேனர் பதினேழா பத்தொன்பதா என்று பார்க்காமலே கையால் எடுத்துக் கொடுப்பேன். உன் தாத்தா பம்ப் ஹவுஸில் எல்லோரிடமும் சொல்வாராம், "எங்க வீட்டம்மா இறுக்கினா சொட்டுக்கூடக் கசியாது" என்று. அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னைக் கடையில் பார்த்தால் அதைச் சொல்வார்கள். எனக்குத் தலை கொஞ்சம் மேலே போகும்.

அந்தப் போல்ட்டுக்கு, ஆயில் கசியாமல் இருக்க, மோதிரம் மாதிரி ஒரு செம்பு வாஷர் உண்டு. ஒரு தடவை இறுக்கினால் அது கெட்டியாகிவிடும், அப்புறம் ஒட்டி உட்காராது. எல்லோரும் புதிதாகப் போடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுப்போம். திரும்ப மெத்தென்று ஆகிவிடும். பால் காய்ச்சுகிற அடுப்பில் வாஷர் காய்ச்சியவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

உன் அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மறுநாள் காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. உன் தாத்தாவுக்கு அன்று ஷிஃப்ட். "பய தூரம் போறான், ஆயிலை மாத்தணும், நான் வந்து பாக்கறேன்" என்றார். "நீங்க எதுக்கு? போல்ட்டுக்கு நான், ஆயில் ஊத்தறதுக்கு மட்டும் நீங்களா? போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். முழுக்கத் தனியாகச் செய்தது அதுதான் முதல் தடவை.

பழைய ஆயிலை இறக்கினேன். வாஷரைக் காய்ச்சி டம்ளர் தண்ணீரில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். அப்போது சைரன் அக்கா வந்தாள். என்ன விசேஷம் என்றாள். அவ்வளவுதான். என் பையனை அந்தக் கம்பெனியே கடிதம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறது, முந்நூறு பேரில் பன்னிரண்டு பேரைத்தான் கூப்பிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசினேன். பேசிக்கொண்டே போல்ட்டைப் போட்டு இறுக்கினேன். ஆயிலை ஊற்றினேன். கீழே ஒரு சொட்டு விழவில்லை. அதையும் அவளிடம் காட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் உன் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாதி வழியில் ஆயில் எல்லாம் போய், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வேலைக்கும் போய்ச் சேரவில்லை. தள்ளித் தள்ளி உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. உன் தாத்தா வாசலிலேயே நிறுத்திவிட்டார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. "நடுவுல இறங்கி அடியில ஒரு தடவை குனிஞ்சு பாத்தியாடா? ஒரு வண்டியக் காப்பாத்தத் தெரியாதவன் எந்த வேலையடா காப்பாத்தப் போறே?" என்றார். அவன் "தப்புதாம்பா" என்றான்.

நான் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே வந்தேன். ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்தேன். அடியில் அந்த வாஷர் கிடந்தது.

அந்த டம்ளரோடு வாசலுக்குப் போயிருக்கலாம் கண்ணு. பத்தடி தூரம். போகவில்லை. வெளியே சைரன் அக்கா நின்றுகொண்டிருந்தாள், பம்ப் ஹவுஸ்காரர் ஒருவரும் நின்றுகொண்டிருந்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாஷரைப் பித்தான் டப்பாவில் போட்டுவிட்டு, வேறு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் கோபம் ஆறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். அதற்கு மறுநாளும். ஒன்பதாம் நாள் உன் அப்பா ஒரே ஒரு பையோடு ஊரைவிட்டுப் போனான். போகும்போது வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துவிட்டுப் போனான்.

அப்புறம் உன் தாத்தா பதினொரு வருஷம் இருந்தார். அவன் கடிதம் போடுவான், நலம் கேட்பான், வர மாட்டான். அவர் போனபோதுதான் வந்தான். வந்தவன் பின்கட்டுக்குப் போய் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தான். இன்றுவரை அவன் எந்த வண்டியும் ஓட்டுவதில்லை. நடந்து போனால் உடம்புக்கு நல்லது என்பான். நீயும் அதை நம்பியிருப்பாய். காரணம் தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை இன்னும் தள்ளிப் போட்டிருப்பேனோ என்னவோ. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் ஓரமாக எழுதியிருக்கிறாய்: "உள்ள எல்லாமே கெட்டுப் போயிருக்கு பாட்டி. ஆயில் போல்ட்டுல இருக்கற செம்பு வாஷர் மட்டும் புத்தம் புதுசு. வண்டி நின்னுபோன அப்புறம் யாரோ மாட்டின மாதிரி இருக்கு. ஓடாத வண்டிக்கு எதுக்கு மாட்டினாங்கன்னு தெரியல."

அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

பழைய வாஷர் என்னிடம் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே இருப்பதை உன் தாத்தாவைத் தவிர வேறு யார் மாட்டியிருப்பார்? கை போகாத இடத்தில் விரலைக் கிழித்துக்கொண்டுதான் மாட்டியிருப்பார். அந்தச் சமயத்தில் ஒரு வாரம் அவருடைய வலது கையில் துணி சுற்றியிருந்தது. வால்வு கீறிவிட்டது என்றார். நானும் மஞ்சள் வைத்துக் கட்டினேன். வேறு எவனாவது பின்னால் அதைத் திறந்து பார்த்து, "உங்க வீட்டம்மா வாஷர் போடலியே" என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காக. அதனால்தான் வண்டியை ரிப்பேருக்கும் விடவில்லை, விற்கவும் விடவில்லை. அவர் என் மானத்தைக் காப்பாற்றினார், நான் என் மானத்தைக் காப்பாற்றினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து பிள்ளையைக் கைவிட்டோம்.

அவன் கிளம்புவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியுமா, அப்புறம்தான் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. நினைக்கவே பயமாக இருக்கிறது. கடைசியில் படுக்கையில் இருந்தபோது ஒரு நாள், "அவனுக்கு எழுது" என்றார். என்ன எழுத என்றேன். "உனக்குத் தெரியும்" என்றார். வரச் சொல்லி எழுதச் சொல்கிறார் என்று நினைத்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வா என்று எழுதினேன். அவர் சொன்னது அது இல்லை. இப்போதுதான் புரிகிறது.

உன் அப்பாவுக்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாகிவிட்டது. 'அன்புள்ள மகனுக்கு' என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய கை. அதனால் நீ படித்து முடித்ததும் இதை அவனிடம் கொடுத்துவிடு. நீ வாயால் சொல்லாதே. நீ இதமாகச் சொல்லிவிடுவாய். எனக்கு இதம் வேண்டாம், அவன் என் கையெழுத்திலேயே படிக்கட்டும்.

உறைக்குள் துணியில் தைத்து அந்த வாஷரை வைத்திருக்கிறேன். இருபத்தொன்பது வருஷம் பித்தான்களோடு கிடந்தது. எஞ்சின் வேலையெல்லாம் முடிந்ததும், தாத்தா போட்டதைக் கழற்றிவிட்டு இதைப் போட வேண்டும். உங்கள் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடு. அவன் கை என் கை மாதிரி, அந்த இடத்தில் போகும். முதலில் விரலாலேயே திருகச் சொல். அப்புறம் ஸ்பேனரால் ஒரு இழுப்பு, அவ்வளவு போதும். அவன் இறுக்கட்டும், நீ ஆயில் ஊற்று.

அதற்கு அப்புறம் அவன் என்னிடம் பேசினாலும் சரி, கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் சரி. மாத்திரையை நானே நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல். நாளைக்குச் சைரன் அக்கா வந்ததும் அவளிடமும் சொல்லப் போகிறேன். அவளிடம் சொன்னால் தெரு முழுக்கச் சொன்ன மாதிரி. அன்றைக்குப் பார்த்த தெருதானே, இதையும் கேட்கட்டும்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் கை தொட்ட வண்டி ஓட வேண்டும். அதில் முதலில் உன் அப்பாதான் உட்கார வேண்டும், நீ பின்னால் உட்கார்ந்து அவனைப் பிடித்துக்கொள். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அவசரப்படுத்தாதே. சைக்கிள்காரர்கள் தாண்டிப் போனால் போகட்டும்.

என்றும் உங்கள் நினைவாக,
உன் பாட்டி