ரொக்கியும் செலினாவின் புதுக் கயிறும்

மார்ச் 4, திங்கள்

தோட்டத்துத் துரையின் மனைவி, எங்கள் நோனா, கொழும்பிலிருந்து ரொக்கிக்குப் புதுக் கயிறு வாங்கி வந்திருக்கிறார். உருண்டைக் கைப்பிடி, உள்ளே மெல்லிய நூல் சுருண்டு கிடக்கிறது. நாய் ஓட ஓட நீளும். பட்டனை அமுக்கினால் நிற்கும், விட்டால் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதை யாரிடம் கொடுத்தார்? செலினாவிடம்! பங்களா வேலைக்கு நேற்று வந்தவளிடம்.

"பிரேமா, நீ சமையல பாரு. நாய செலினா கூட்டிட்டுப் போகட்டும்."

சமையலாம் சமையல். ரொக்கி குட்டியாக வந்தபோது பாலில் சோறு பிசைந்து ஊட்டியது யார்? அட்டை கடித்த காலில் உப்பு வைத்தது யார்?

மார்ச் 6, புதன்

வயிறு எரியுது. வேற என்னத்த எழுத.

மார்ச் 9, சனி

சமையலுக்கு நடுவே குசினி ஜன்னலில் நின்று பார்த்தேன். தேயிலைச் சரிவில் ரொக்கி எங்கோ முன்னால், அவள் எங்கோ பின்னால். அவளும் அவள் சிரிப்பும்! நான் சங்கிலியில் கூட்டிப்போனபோது என் காலை ஒட்டியே வந்தவன், இப்போது ஜன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. நாய்க்கு நன்றி உண்டென்று எவன் சொன்னான்?

சாயங்காலம் செலினா குசினிக்கு வந்தாள். "அக்கா, எப்பவாச்சும் நீங்க புடிச்சா, நூல மட்டும் கையால தொட்டுறாதீங்க. நேத்து என் கெண்டைக்கால்ல உரசி தோலே உரிஞ்சிருச்சு."

"மாடு மேய்ச்சு வளந்தவ நான். எனக்கு நீ கயிறு புடிக்கச் சொல்லித் தாறியா?"

முகம் வாடிப் போனாள். வாடட்டும்.

நாளை ஞாயிறு. அவள் மாதா கோயில் பூசைக்குப் போய்விடுவாள். ரொக்கியை நான்தான் கூட்டிப்போவேன். அதே கயிற்றில்.

மார்ச் 12, செவ்வாய்

இரத்தினபுரி ஆஸ்பத்திரி. இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்தான்.

ஞாயிறன்று ரொக்கி குரங்கைக் கண்டு பாய்ந்தான். பதற்றத்தில் எந்தப் பட்டன், எங்கே என்று ஒன்றும் புரியவில்லை. மாடு இழுத்தால் என்ன செய்வோம்? கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக் குதிகாலை ஊன்றுவோம். வலக்கை தானாக எட்டி நூலைச் சுற்றிவிட்டது. ஆனா அது மாட்டுக் கயிறில்லையே! அவன் இழுத்த இழுப்பில் ஆள்காட்டி விரலை எலும்பு வரைக்கும் அறுத்துவிட்டது. அம்மாடி!

கைப்பிடியைப் போட்டுவிட்டேன். அது கல்லில் மோதிக்கொண்டு அவன் பின்னாலேயே போக, ஏதோ துரத்துகிறதென்று மிரண்டு றோட்டுப் பக்கம் ஓடினான்.

பூசை முடிந்து வந்த செலினாதான் என் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். தோளில் போட்டிருந்த வெள்ளை ஷோலைக் கிழித்துக் கட்டினாள், ஓட்டோ பிடித்தாள்.

"ரொக்கி எங்கடி?"

"அவன நான் தேடிக்கிறேன். மொதல்ல உங்க வெரலப் பாருங்க அக்கா!"

விரலை எடுக்க வேண்டியதில்லையாம். மடங்குமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்கிறார் டொக்டர்.

ரொக்கியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. செத்துட்டானா? நான்தானே கொன்னேன்?

மார்ச் 14, வியாழன்

இருக்கிறான்! ரப்பர் மரத்தில் நூல் சுற்றி, நகர முடியாமல் நின்றானாம். கண்டுபிடித்தது செலினா. வேறு யார்? சந்தோஷத்தில் அழுதேன். நான் கண்டுபிடிக்கவில்லையே என்றும் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. விரல் மடங்கவில்லை. ஒற்றைக் கையால் தலை பின்னவும் முடியவில்லை.

பூசை முடிந்து செலினா வந்தாள். கேட்காமலேயே சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ரொக்கியும் கூடவே வந்திருந்தான். என் விரலில் கட்டிய துணியை முகர்ந்தான், முழங்காலை நக்கினான். பிறகு நேராகப் போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டான்.

எரிந்தது. எரியாமல் என்ன?

"இழுக்காதடி, வலிக்குது" என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னினாள்.

அவள் போகும்போது நானும் வாசல்வரை போனேன்.

"நாளைக்கும் வாடி" என்றேன். "ஒன் நாயையும் கூட்டிட்டு வா."