சைவ வீட்டு நாய்

19.11.96, செவ்வாய்

விடியும்வரை மழை. ஏழு மணிக்கு நல்ல வெயில். துணி காய்ந்துவிடும். துவைக்கப் போட்ட இவர் சட்டைப்பையில் மறுபடியும் சோம்பு. வாயுத் தொல்லையாம்.

கொல்லையில் எங்கள் நாய் பிச்சியின் மலத்தில் ரத்தம். ஞாயிறன்று பார்த்ததைச் செம்பருத்தி இதழ் என்று நினைத்துவிட்டேன். இன்று சந்தேகமில்லை. கெட்டி மலம், மேலே சிவப்புக் கோடு. பாவம், முக்கி முக்கிப் போகிறது.

சிவப்பு என்றால் கீழ்க்குடல். வயிற்றிலிருந்து வந்தால் தார் போலக் கறுத்திருக்கும். பார்வோ வைரஸ் இல்லை: தடுப்பூசி போட்டாயிற்று, வாந்தியும் இல்லை. எலி மருந்தோ என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு நல்ல நிறம். மிச்சம் புழு. கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "கண்ணு பட்டிருக்கு டீச்சர். மொளகா சுத்திப் போடுங்க." போடவில்லை.

20.11.96, புதன்

முதல் பீரியட் இல்லை. பிச்சியோடு மாட்டாஸ்பத்திரி. டாக்டர் இவருடைய சித்தப்பா மகன். அங்கே ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கப் போய்விடும். கெட்டிக்காரர்தான், ஆனால் வாய்.

"எலும்பு கிலும்பு போட்டியளா மதினி?" கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "யார்ட்ட போய்க் கேக்கேன் பாருங்க!"

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. தயிர்சாதம் தின்று வளர்ந்த நாய்.

"ஒம்பது வயசாச்சுல்லா. உள்ள கட்டியா இருக்குமோன்னு பாக்கேன். வெள்ளிக்கிழம வர பாப்போம். நிக்கலேன்னா மெட்ராஸ் கொண்டு போயிருங்க. அறுக்கச் சொல்லுவாங்க. இந்த வயசுல தாங்குமான்னு..."

பிச்சியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இவரிடம் சொன்னேன். "கட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். பிச்சி கிடக்கும் சாக்கருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

21.11.96, வியாழன்

தூறல். மாணவிகள் பாதிப்பேர் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

பிச்சியின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்: புழு முட்டை ஒன்றுகூட இல்லை. மீதியைப் பழைய டீ வடிகட்டியில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். (வடிகட்டியைத் தூக்கி எறிந்தாயிற்று.) வெள்ளையாக ஏதோ விரலில் குத்தியது. தேங்காய்ச் சிரட்டையோ? உப்புத்தாளில் மெல்லிசாகத் தேய்த்து லென்சுக்கடியில் வைத்தேன்.

வட்டம் வட்டமாக, நடுவில் துளை. வருஷா வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் காட்டும் ஸ்லைடு. பாலூட்டியின் எலும்பு.

எங்கள் வீட்டில் எலும்பு என்று இருப்பது எங்கள் இருவர் உடம்பிலும் பிச்சியின் உடம்பிலும்தான்.

வந்ததும் செல்லம்மாளிடம் கேட்டேன்.

"எங்க வீட்டு எலும்பு எங்க பூனைக்கே காணாது டீச்சர்! ஒங்க நாய் சைவம்லா, அதுக்கு யாரு போடுவா?" கொஞ்சம் பைய, "சாயந்தரம் சார்வாள்கூடத்தான ஆத்தங்கரைக்குப் போகுது? அங்கன கேளுங்க."

கேட்டேன். நடை முடிந்து வந்தவரிடம், செருப்பைக் கழற்றும் முன்னே. பாலத்துப் பக்கம் பரோட்டாக் கடையில் வாங்கிப் போட்டாராம். கார்த்திகை மாதம் வேறு.

"அதுக்கு மட்டுந்தான். வாயில்லா ஜீவன், ஆசப்பட்டுச்சு."

சட்டையிலிருந்து சோம்பு வாசம். கோபம் எலும்புக்கா சோம்புக்கா என்று எனக்கே தெளிவாக இல்லை.

"நம்ம டாக்டர் தம்பிகிட்ட சொல்லீராத. ஊரே சிரிக்கும்."

"சொல்லாவிட்டால் மெட்ராஸ். அறுப்பார்கள்," என்றேன்.

22.11.96, வெள்ளி

விடாத மழை. ஆட்டோவில் பிச்சி என் மடியில், இவர் பக்கத்தில். காலையிலும் ரத்தம்.

"மெட்ராஸுக்குச் சீட்டு எழுதீரவா மதினி?"

வடிகட்டியில் கிடைத்த சில்லைப் போட்டு வைத்திருந்த தீப்பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். டாக்டர் சில்லை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எலும்புல்லா இது. யாரு போட்டா?"

நானே சொல்லிவிடலாம்தான். ஆனால் இது இவர் சொல்ல வேண்டியது. இவர் கோமாரி நோய்ச் சுவரொட்டியைக் கடைசி வரி வரை படித்தார். பிச்சி அவர் கையை நக்கியது.

"நாந்தாம்லே."

"அண்ணனா?"

"வாரத்துல ரெண்டு மூணு தடவ. நல்லி எலும்பு."

"அதுக்குன்னு தனியாவா வாங்குதிய?"

இவர் பிச்சியின் காதைத் தடவினார்.

"சதை எனக்கு. எலும்பு அதுக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. கையுறை மாட்டினார். பிச்சி ஒரே ஒரு தடவை கத்தியது. ஊசி போல ஒரு சில்லு வந்தது, ஆசனவாய்க்குச் சற்று உள்ளே குத்திக்கொண்டு இருந்ததாம். அதுவரை தடவிப் பார்த்ததில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. மெட்ராஸ் வேண்டாம். மலம் இளக மருந்து, குழைந்த சோறு, வேகவைத்த பூசணிக்காய். இவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது டாக்டர் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கடைண்ணே?"

எனக்குக் கேட்கவில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். சொந்தத்துக்கு இது போகாது.

வழியில் ஆட்டோவை நிறுத்திப் பூசணிக்காய் வாங்கினேன். பெரிய காயாக. பிச்சிக்கும் இவருக்கும்.