மரியாதை தெரியாத குட்டி

மார்ச் 4
மகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாய்க்குட்டியைக் கூடத்தில் விட்டுப் போய்விட்டாள். "துரை செத்ததிலேருந்து நீ யார்கூடவும் பேசறதில்லம்மா. இதுகிட்டயாவது பேசு." என் பழைய நாய் துரையின் தட்டை எடுக்கவில்லை, விளிம்பு உடைந்த கிண்ணத்தில் பால் வைத்தேன். பெயர் வைப்பதாகவும் இல்லை.

மார்ச் 6
என்ன பிறவி இது! பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது, எதிர்வீட்டு அம்மாளின் செருப்பைக் கவ்வுகிறது. துரை அப்படியா? யார் எதை நீட்டினாலும் உட்கார்ந்து, பல் படாமல் வாங்கிக்கொள்வான். கொடுப்பவர் முகம் வாடக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர் எங்களைப் பழக்கியதுபோலத்தான் அவனைப் பழக்கினேன். "உங்க நாய்க்கு இருக்கிற மரியாதை என் மருமகனுக்கு இல்லீங்க" என்பாள் எதிர்வீட்டு அம்மாள்.

மார்ச் 9
தெருமுனைக் கறுப்புப் பூனை செத்துக் கிடந்தது. வாயில் நுரை.
துரைக்கும் அப்படித்தான். அன்று நாய் டாக்டர் கேட்டார்: "வெளியாளுங்க ஏதாவது குடுத்தாங்களாம்மா?" என் நாய் பிச்சை எடுப்பதில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்றேன்.

மார்ச் 10
கொடுத்தால் வாங்கிக்கொள்வான். யார் கொடுத்தாலும்.

மார்ச் 13
மாடிவீட்டுக்காரர் படியில் நின்று விசாரித்தார். ஓய்வுபெற்ற அதிகாரி; தேனாகப் பேசுவார். துரை போனபோது முதலில் துக்கம் கேட்க வந்தவர். "புதுசு வந்துடுச்சு போல மேடம். இதுவும் ராத்திரியெல்லாம் குரைக்குமோ?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.
இதுவும்? துரை குரைத்ததாக ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லையே.

மார்ச் 15
வாங்கிக்கொள்ளப் பழக்கலாம் என்று பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மூடிவிட்டேன். இது இப்படியே இருக்கட்டும்.
மதியம் என் காலில் தலைவைத்துத் தூங்கியது. கால் மரத்துப்போயிற்று. எழுப்ப மனம் வரவில்லை.

மார்ச் 18
எழுதியே ஆகவேண்டும்.
மாடிவீட்டுக்காரர் வாசலில் குனிந்து, சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒற்றை பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். "வாடா கண்ணு." குட்டி மயிர் சிலிர்த்து உறுமியது. பிறகு கையில் ஒரே கவ்வு. பிஸ்கட் விழுந்தது.
"என்ன மேடம், மரியாதையே சொல்லித் தரலியா?"
வாழ்நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுப் பழகிய வாய். கேட்கவில்லை. "உள்ள வாங்க. மருந்து போடறேன். டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்."
நல்ல கோப்பையை எடுத்தேன். விழுந்த பிஸ்கட்டைச் சிறு தட்டில் வைத்து டீயோடு அவர் முன்னால் வைத்தேன். "கீழ விழுந்துச்சேன்னு பாக்காதீங்க. தொடச்சிட்டேன்."
டீயைக் குடித்தார். பிஸ்கட் பக்கம் கையே போகவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எழும்போது அதை எடுத்துப் பையில் போடப் பார்த்தார். தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
அவர் படியேறிப் போகும்வரை தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

மார்ச் 19
பிஸ்கட்டை நாய் டாக்டரிடம் கொடுத்தாயிற்று. முகர்ந்து பார்த்து முகம் மாறினார்.
இன்று துரையின் தட்டில் சாப்பிட்டான் போக்கிரி. ஆம், அதுதான் பெயர். இனி அவன் என் அறையில்தான் படுப்பான்.
இதை எழுதும்போது மாடியில் நடந்துகொண்டிருந்த காலடி, என் தலைக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டது. போக்கிரி அண்ணாந்து பார்த்து உறுமுகிறான்.
"நல்ல பிள்ளை" என்றேன்.