தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம்

ஜூன் 2, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். தகரக் கூரை சொடக்கு முறிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. இருமல் அப்படியே.

நான் சொல்கிறேன், பார்வதி எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கிடையாது, இடது பெருவிரல்தான். என் பெண்டாட்டி, சிலோன் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை போனவள். "பேசுற மாதிரியே எழுதுனா நோட்டு அசிங்கமாப் போயிரும்" என்று நான் சொல்வதைப் புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள். போடட்டும். வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

எழுதச் சொன்ன காரணம்: வருகிற திங்கள் விருதுநகரில் விசாரணை. கேட்டதற்கு மாறாமல் சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் மறக்காது. ஆனால் நான் போய்ச் சேர்ந்தால் மண்டையில் இருப்பதும் கூடவே போய்விடும்.

குடியுரிமை மனு போட்டுப் பதினோரு வருடம். மனுவுக்கு நான் தலை. மகன் முருகேசனும் பேத்தி தேவியும் என் பெயருக்குக் கீழே. தலை செத்தால்? ஆபீசில் ஒருமுறை கேட்டேன். "அப்ப புதுசாத்தான் போடணும் தாத்தா."

இந்த மனுவுக்காக விருதுநகர் ஆபீசுக்கு நடந்த நடை, ஞாபகத்திலிருந்து:
முதல் தடவை: கோடு போட்ட சட்டைக்காரர். ஜெராக்ஸ் மூன்று செட். அன்று பஸ் ஸ்டாண்டில் நல்ல மழை, மிளகாய் மூட்டைக்குச் சாக்கு மூடினார்கள்.
மூன்றாவது: அவர் மாறிப்போனார். புது அம்மா. "ஃபைல் மாடியில இருக்கு."
ஐந்தாவது: மாடிக்கு வெள்ளையடிக்கிறார்கள்.
ஒன்பதாவது: மறுபடியும் ஜெராக்ஸ் மூன்று செட்.
பதினான்காவது: "மெட்ராசுக்குப் போயிருக்கு."
பதினேழாவது: "திரும்பி வந்திருச்சு." ஏன் திரும்பியது? "அது எங்களுக்குத் தெரியாதுல்ல."
இப்போது கடுதாசி. தேவி படித்துச் சொன்னாள். தோட்டத்துப் பிறப்புத் தாளில் தகப்பன் பெயர் வேலு. மனுவில் சோணை. எது சரி என்று நேரில் வந்து விளக்க வேண்டும்.

ரேஷனில் பருப்பு இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

காற்றே இல்லை. அணைப்பக்கமிருந்து சேற்று வாடை.

வேலு கதையை எழுதிவைக்க வேண்டும். பார்வதிக்குத் தெரிந்ததுதான், எழுத எழுத மூக்கை உறிஞ்சுகிறாள்.

எனக்கு முன்னால் மூன்று பிள்ளை. மூன்றும் தங்கவில்லை. நான் பிறந்த மூன்றாம் நாள் அம்மா என்னைச் சுளகில் போட்டு நாங்கள் இருந்த வரிசைவீட்டு லயத்து வாசலில் வைத்தாள். பக்கத்து அறைக் காம்பராக்காரர் வேலு ஒரு படி தவிடு கொண்டுவந்து அம்மா மடியில் கொட்டி என்னைத் தூக்கிக்கொண்டார். வாங்கியாயிற்று. இனி இது அவர் பிள்ளை. பிள்ளை தூக்க வருகிறது எதுவோ, அது இந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போய்விடும். பெயரும் தவிட்டான். பால் கொடுத்தது அம்மாதான், ஊரான் பிள்ளைக்குக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு.

அந்த வாரமே கணக்கப்பிள்ளை பிறப்பு எழுத வந்தார். "யார் புள்ள?" அம்மா வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளை என்று சொன்னால் நான் செத்துப்போவேன் அல்லவா. வேலு சொன்னார், "என் மகன்தாங்க." எழுதினார்.

ஏழு வயதில் அம்மா ஒரு மரக்கால் அரிசியும் வேட்டியும் கொடுத்து என்னை மீட்டாள். லயமே வந்து சாப்பிட்டது. சாமிக்குத் தெரியும். புத்தகத்துக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

அந்த வருடம் அப்பா கப்பலேறி ஊருக்கு வந்து, அச்சங்குளத்துக்குத் தெற்கே எங்கள் குலசாமி கருப்பனுக்கு மணி வாங்கி மாட்டிவிட்டுத் திரும்பினார். மணியில் பெயர் வெட்டியிருக்கிறது. என்ன வெட்டியது என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம்.

வேலு மாமாவுக்கு இந்தியக் குடியுரிமைத் தாள் கிடைத்தது, குடும்பத்தோடு கப்பலேறி கூடலூர்ப் பக்கம் போனார். அப்பா தாளுக்குக் காத்திருந்தே செத்துப்போனார். பிறகு கலவரம், வவுனியாக் காடு, படகு, மண்டபம் முகாம், பிறகு இந்த அகதி முகாம். வாசலில் போர்டை மூன்று தடவை மாற்றி எழுதிவிட்டார்கள். தகரம் அதே தகரம்.

ஜூன் 4, புதன்

முருகேசன் பட்டாசுக் குடோனில் லோடு ஏற்றிவிட்டு வந்தான். கழுத்தெல்லாம் வெள்ளி மருந்து. குளிக்காமலே உட்கார்ந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று தெரிந்தது.

ஆபீசுக்கு வெளியே மனு எழுதுகிறவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். வேலுதான் அப்பன் என்று ஒத்துக்கொண்டால் போதும். வேலு இந்தியக் குடிமகன், தாள் இருக்கிறது. அவர் மகன் சந்திரன் கூடலூரில் இருக்கிறான். "ஆமா, இவரு என் அண்ணன்" என்று எழுதித் தருகிறானாம். போனிலும் பேசினான்.

"அண்ணே, எங்கய்யா சாகுற வரைக்கும் ஒங்களக் கேட்டாரு. என் மூத்தவன் எப்படி இருக்கான்னுதான் கேப்பாரு. கையெழுத்து என்னண்ணே, பத்து போடுறேன்."

 போனைப் பார்வதியிடம் கொடுத்துவிட்டேன்.

முருகேசன்: "பொய்யே இல்லப்பா. தாள்ல இருக்கிறதத்தான சொல்லப் போறீக."
நான்: "எங்கப்பன் பேரு சோணைடா."
"தெரியும். செத்தவருக்குத் தாள் வேணாம். தேவிக்கு வேணும். கவர்மெண்டு நர்சு வேலைக்கு மனுப் போட இந்த மாசக் கடைசியோட சரி. அடுத்து எப்பக் கூப்புடுவானோ. வயசு தாண்டிருச்சுன்னா?"
"அவள வளத்த எனக்குத் தெரியாதா?"
"தெரிஞ்சா வேலுன்னு சொல்லுங்க."

தட்டில் சோறு ஆறிப்போயிற்று. அவனுடையதும்.

ஜூன் 6, வெள்ளி

அச்சங்குளத்துக்குப் போய் வந்தோம், நானும் பார்வதியும். முகாமில் சொல்லிவிட்டுத்தான்.

அந்தப் பக்கம் நான் காலெடுத்து வைத்து முப்பத்தைந்து வருடம். முகாமுக்கு வந்த புதிதில் ஒருமுறை போனேன். பூசாரி எங்கள் பங்காளி, வெற்றிலைக் காவி ஏறிய பல். "சோணையா? அப்படி ஒருத்தனும் இங்கனக்குள்ள பொறக்கல" என்றார். பக்கத்தில் நின்ற கிழவி ஏதோ சொல்ல வந்தாள், முறைத்தார், வாயை மூடிக்கொண்டாள். நிலத்தில் பங்கு கேட்பேன் என்று பயம். சாமி கும்பிடாமலே திரும்பினேன்.

இப்போது அவர் மகன் பூசாரி. அதே மூக்கு.

"யாரு வேணும் ஒங்களுக்கு?"
"சோணை மகன். சிலோன்ல இருந்து வந்தவன்."
ஏற இறங்கப் பார்த்தான். சிரித்துவிட்டான்.
"நெலத்துக்கா வந்தீக? அந்தா பாருங்க சித்தப்பா, காம்பவுண்டுச் சுவரு. அம்புட்டும் பட்டாசுக் கம்பெனிக்குப் போயி இருவது வருசமாச்சு. பங்கு வேணும்னா கம்பெனிக்காரன்கிட்ட புஸ்வாணம் வாங்கிக்கிருங்க."
"நெலம் வேணாம்யா. மணி இருந்தாக் காட்டு."

சித்தப்பா என்று சொன்னான். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் இப்போது கரண்டு மேளம். பொத்தானை அமுக்கினால் மேளமும் மணியும் அதுவே அடிக்கும். பழைய மணி பின்னால் சாமான் கொட்டகையில், சாமியின் மரக்குதிரைக் காலடியில். நாக்கு இல்லை. பச்சை ஏறிக் கிடந்தது. பார்வதி புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கும்போது நான் சொன்னேன், அம்மா சொன்ன மாதிரியே:

கண்டிச்சீமை சோணை மகன் தவிட்டான் மீட்பு உபயம்.

பார்வதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி. ஒரு சொல் மாறவில்லை.

பூசாரி செல்போனில் படம் எடுத்துத் தந்தான். "எங்கய்யா அன்னைக்கு இல்லைன்னு சொன்னது எனக்குத் தெரியும். நான் ஓரமா நின்னேன்" என்றான். 

எழுத்து இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினேன். குழி குழியாக இருந்தது. எது சோணை என்று பார்வதி விரலைப் பிடித்து வைத்தாள்.

பஸ்ஸில் கூட்டம். பார்வதிக்கு முழங்கால் வலி.

ஜூன் 8, ஞாயிறு

இருமல் கூடுதல். ராத்திரி முழுக்க வேலு மாமா நினைப்பு. எனக்கு முதல் செருப்பு வாங்கித் தந்தவர் அவர். காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்கு ஆறு கட்டை தூரம், ஆறு மைல், தோளில் தூக்கிப்போனார். அப்பா நல்லவர்தான், ஆனால் குடிப்பார், அடிப்பார். எந்தத் தகப்பன் வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த வயதில் நான் வேலு என்றுதான் சொல்லியிருப்பேன். (இதை எழுத மாட்டேன் என்றாள் பார்வதி. எழுது என்றேன்.)

ஆனால் மீட்டாகிவிட்டதே. மூன்றைப் புதைத்தவள் அரிசி கொடுத்து மீட்டாள். இப்போது நான் போய், இல்லை, விற்றது விற்றதுதான் என்று பெருவிரல் வைப்பதா?

தேவி முகம் ஒரு பக்கம். அம்மா முகம் ஒரு பக்கம். பார்வதியிடம் கேட்டேன். "நான் எழுதுறதுக்குத்தான் இருக்கேன். என்னைய இழுக்காதீக" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

விசாரணை. பத்து மணி என்றார்கள், கூப்பிட்டது இரண்டேகாலுக்கு. நான், முருகேசன், தேவி. முருகேசன் கையில் பிளாஸ்டிக் கவர், அதில் கூடலூர்க் கையெழுத்து. என் பையில் மணியின் படம்.

விசாரித்தது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நாற்காலி போடச் சொன்னார். பதினோரு வருடத்தில் முதல் நாற்காலி.

"தாத்தா, ஒங்க அப்பா பேரு என்ன?"

முருகேசன் என் வாயையே பார்க்கிறான். தேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெத்தவரு சோணைங்க. தவிட்டுக்கு வாங்குனவரு வேலு. ஏழு வயசுல அம்மா திருப்பிட்டா."

டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எங்க அம்மாச்சி கூடப் பொறந்தவரையும் இப்படித்தான் தவிட்டுக்குக் குடுத்தாக. பேரு பிச்சை. எனக்குப் புரியுது தாத்தா. ஆனா இதுல கட்டம் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு அப்பாவ எழுத முடியாது."

படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேலுன்னு சொன்னீகன்னா கையில தாள் இருக்கு, இந்த வாரமே மேல அனுப்பிருவேன். சோணைன்னா வி.ஏ.ஓ. போயி மணியப் பாக்கணும், ஊர்ல விசாரிச்சு எழுதணும், தாசில்தார் எழுதணும், அப்புறம் மேல போகணும். எம்புட்டு நாளாகும்னு என்னால சொல்ல முடியாது. வெளிய போயி வீட்டு ஆளுகளோட பேசிட்டு வாங்க."

வெளியே போகவில்லை. "சோணைங்க" என்றேன். முருகேசன் நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம். மை டப்பாவைத் தள்ளினார்கள். வைத்தேன்.

பஸ்ஸில் முருகேசன் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தான். திருத்தங்கல் தாண்டும்போது திரும்பாமலே சொன்னான்: "எங்க யாருக்கும் தவிடு கொட்டக்கூட ஆள் இல்லப்பா."

ஜூன் 10, செவ்வாய்

 முருகேசன் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டான். குடோனில் சீசன் ஆர்டர் ஏறுகிறதாம்.

தேவி பிரைவேட் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து இருமல் மருந்தை மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"கோவம்னா திட்டு தாயி."
"கோவம் இருக்கு தாத்தா. மருந்தக் குடிங்க."

குடித்தேன். அவள் உள்ளே போய், வேலைக்காக எடுத்துவைத்திருந்த தாள்களைத் திரும்ப டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். ஒவ்வொரு தாளாக. எனக்கு எண்ணத் தோன்றிற்று, எண்ணவில்லை.

சரியாகத்தான் செய்தேனா? தெரியவில்லை. ஞாபகம் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் பூசாரி போன். வி.ஏ.ஓ. இன்னும் வரவில்லை. மணியைக் கொட்டகையிலிருந்து எடுத்து முன்னால் மாட்டிவிட்டானாம். "நாக்குத்தான் இல்ல சித்தப்பா. சாத்தூர்ல அடிக்கச் சொல்லிருக்கேன்."

முருகேசனுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள் பார்வதி. அவன் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான்.

ஜூன் 12, வியாழன்

முகாமில் செக்கிங். இன்று எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும், ஆர்.ஐ. பெயர் கூப்பிடுவார், இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் ஆப்சென்ட். ஆப்சென்ட் என்றால் அந்த மாத உதவி இல்லை, ஃபைலிலும் ஏறும்.

தோட்டத்தில் இதைப் பிரட்டு என்போம். விடியக் கருக்கலில் பனியில் நின்று பெயர் கொடுப்பது. அங்கேயும் வேலு மகன் தவிட்டான். இங்கேயும் அதே. அறுபது வருடமாக ஒரே பதில், இருக்கேன் சார்.

வேப்பமர நிழல் போதவில்லை. பார்வதி எனக்குப் பின்னால். முருகேசன் நான்கு ஆள் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. தேவி டூட்டிக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தபடி.

"வேலு மகன் தவிட்டான்!"

வாய் வரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

"வேலு மகன் தவிட்டான்!"

பார்வதி முதுகில் கிள்ளினாள். "என்னய்யா, காது அடைச்சிருச்சா?" என்றது பின்வரிசை. யாரோ சிரித்தார்கள்.

"தாத்தா, எதுக்க நின்னுக்கிட்டே ஆப்சென்ட் வாங்கப் போறீகளா? கடைசித் தடவ கூப்புடுறேன். வேலு மகன்..."

"சோணை மகன்." நான் இல்லை. முருகேசன் குரல். "சோணை மகன் தவிட்டான்னு கூப்புடுங்க சார். நிக்காரு."

வரிசை மொத்தமும் திரும்பிற்று. ஆர்.ஐ. புத்தகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இருக்கேன் சார் என்றேன்.

பேனா அந்த வரியிலேயே நின்றது. டிக்கும் போடவில்லை, அடிக்கவும் இல்லை.